தம்பி வாங்காமல் வந்த ஆர்.எக்ஸ்-8



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் மட்டும் வாசியுங்கள்.

"அந்தச் சிவப்புக் காரை ஏன் எடுக்காம வந்தீங்க?" என்று பள்ளிவாசல் படியிலும் பாடசாலை ஆசிரியர் அறையிலும் கேட்காத ஆளில்லை. ஒவ்வொருவருக்கும் அவசரத்தில் ஒவ்வொரு துண்டாகப் பதில் சொன்னோம். அந்தத் துண்டுகள் எல்லாம் ஊருக்குள் ஒன்று சேர்ந்து, "சேர்ட தம்பிக்கு லீசிங் கிடைக்கல்லயாம்", "கார்க்காரன் ஏமாத்தப் பார்த்தானாம்" என்று இரண்டு கதைகளாகி விட்டன. இரண்டும் பொய். அதனால்தான் முழுதாக எழுதுகிறோம். காரின் சொந்தக்காரரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். அவருடைய பெயரும் ஊரும் வேண்டாம். கமெண்டில் ஊகிக்கவும் வேண்டாம்.

நாங்கள் என்றால் நானாவும் தம்பியும். மூத்தவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், வாழ்நாளில் வாங்கிய ஒரே வாகனம் ஒரு மோட்டார் சைக்கிள். இளையவர் ஏழு வருடம் கட்டாரில் ஏ.சி. வேலை செய்துவிட்டு 2023 டிசம்பரில் லீவில் வந்தவர். அங்கே இவர் தங்கியிருந்த கட்டிடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் மஸ்டா ஆர்.எக்ஸ்-8 ஒன்றை நிறுத்துவாராம். முன் கதவு ஒரு பக்கம் திறக்க, பின் கதவு அதற்கு எதிர்ப்பக்கம் திறக்கும் கார். ஏழு வருடமும் அதைப் பார்த்துப் பார்த்து, ஊருக்கு வந்தால் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார். உம்மா வீட்டுக்கு மேல்மாடி போடச் சொன்னார். வாப்பா வேன் ஒன்று வாங்கி ஹயருக்கு விடச் சொன்னார். தம்பி எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை, ஆனால் இரவில் போனில் ஆர்.எக்ஸ்-8 விளம்பரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, அந்த நேரத்தில் இங்கே பழைய கார்களின் விலை எந்த இடத்தில் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். பத்து வருடம் ஓடிய சின்னக் கார்கூட கைக்கு எட்டாத விலையில் இருந்தது. அப்படியான சந்தையில் இந்தக் காரின் விலை மட்டும் அவ்வளவு ஏறியிருக்கவில்லை. தம்பிக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. எங்களில் மூத்தவருக்கு அதுதான் முதல் சந்தேகம். இவ்வளவு அழகான ஸ்போர்ட்ஸ் காரை ஏன் மற்றவர்கள் வாங்கப் பயப்படுகிறார்கள்?

காரணம் எஞ்சின். சாதாரண காரில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். இதில் பிஸ்டனே கிடையாது. ஜேர்மனியைச் சேர்ந்த பெலிக்ஸ் வான்கெல் என்பவரின் யோசனை. என்.எஸ்.யு. என்ற ஜேர்மன் கம்பனி 1964இல் முதலில் காரில் போட்டு விற்றது. மஸ்டா 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் போட்டது. மற்றவர்கள் எல்லாம் கைவிட்ட பிறகும் மஸ்டா விடவில்லை. 1991இல் பிரான்சின் லீ மான்ஸ் 24 மணி நேர ஓட்டத்தை இந்த ரோட்டரி எஞ்சின் காரால் வென்றது. ஆர்.எக்ஸ்-8 வந்தது 2003இல், 2012இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இன்று நமக்குக் கிடைக்கிற ஒவ்வொன்றும் பத்து வருடத்துக்கு மேல் பழசு.

உம்மாவுக்கு விளங்கப்படுத்த, திருத்திக்கொண்டிருந்த வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் வரைந்தோம். இடுப்புச் சிறுத்த ஒரு வட்டம், கச்சான் கோது மாதிரி. அதற்குள்ளே பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம். அந்த முக்கோணம்தான் ரோட்டர். அது உள்ளே சுற்றும்போது மூன்று மூலைகளும் எப்போதும் சுவரைத் தொட்டபடியே இருக்கும். அப்படியானால் முக்கோணத்தின் மூன்று பக்கத்திலும் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையும் சுற்றிப் போகும்போது பெரிதாகிப் பெற்றோலும் காற்றும் இழுக்கும், சிறிதாகி அழுத்தும், எரியும், புகையை வெளியே தள்ளும். சாதாரண எஞ்சின் செய்கிற அதே நான்கு வேலைதான். இந்தக் காரில் இப்படி இரண்டு ரோட்டர். மொத்தம் ஆறு அறைகள்.

இதில் உயிர்நாடி அந்த மூலைகள். மூலையில் பென்சில் அளவுக்குக்கூடத் தடிப்பில்லாத ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. எபெக்ஸ் சீல் என்பார்கள். பிஸ்டன் ரிங் செய்கிற வேலையை இது செய்கிறது. இது தேய்ந்தால் ஒரு அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியும். அந்தச் சீல் தேயாமல் இருக்க எஞ்சின் தானாகவே கொஞ்சம் ஒயிலை உள்ளே விட்டு எரிக்கும். ஆகவே இந்தக் காரில் ஒயில் குறைவது நோய் அல்ல, அதன் இயல்பு. இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கவேண்டும். பார்க்காத சொந்தக்காரரிடம் இருந்த கார் என்றால் கவனம். உம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மூலை தேய்ஞ்சா என்ன செய்ற?" என்று கேட்டார். முழு எஞ்சினையும் கழற்றிப் பிரிக்கவேண்டும் என்றோம். "அப்ப மேல்மாடியக் கட்டுங்க" என்றார்.

காரைக் கண்டுபிடித்துத் தந்தது மாமா. கொழும்புப் பக்கம் அவருக்கு இருபது வருட வியாபார நண்பர் ஒருவர். 2004 தயாரிப்பு, ஆறு கியர் மெனுவல், சிவப்பு. "நம்மட ஆள். கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார் மாமா. அந்த வார்த்தைதான் பிறகு எங்களுக்குச் சோதனையாக வந்தது.

இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். காரைக் கண்டதும் தம்பியின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிவிட்டது. சொந்தக்காரர் நல்ல மனிதர். காலைச் சாப்பாடு சாப்பிடாமல் காரில் ஏற விடவில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஒரே திறப்பில் ஸ்டார்ட் ஆனது. வெள்ளைப் புகை இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் டாங்கியில் குமிழி வருகிறதா என்று பார்த்தோம், இல்லை. குமிழி வந்தால் எஞ்சினுக்குள் தண்ணீரைத் தடுக்கிற சீல் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியானால் அங்கேயே சலாம் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்போம். தம்பி ஓட்டினார். அரை மணித்தியாலம். அந்தச் சத்தம் வேறு எந்தக் காரிலும் வராது, தையல் மெஷினும் தேனீக் கூட்டமும் சேர்ந்த மாதிரி. நானாவுக்கே ஆசை வந்துவிட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் ப்ளேன்டீ குடிக்க நிறுத்தினோம். பத்து நிமிடம் இருக்கும். வந்து திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது. ஏழு, எட்டு செக்கனுக்குப் பிறகுதான் பிடித்தது.

"பற்றரி கொஞ்சம் வீக், சேர். மாத்தணும்" என்றார் சொந்தக்காரர்.

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பற்றரி பலவீனமானால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் குறையும், பிடிக்காது. ஆனால் ரோட்டரி எஞ்சின் தேய்ந்தாலும் இதே மாதிரித்தான். குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். சூட்டில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத் திருப்பினால் அழும். இதனால்தான் இந்தக் காரைப் பார்க்கப் போகிறவர்கள் ஓட்டிவிட்டு அப்படியே வந்துவிடக்கூடாது. நிறுத்தி, பத்து நிமிடம் கதைத்திருந்துவிட்டு, இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்யவேண்டும். அன்றைய ப்ளேன்டீக்கு நன்றி.

பக்கத்தில் அவருக்குத் தெரிந்த கராஜுக்குப் போனோம். பாஸ் நல்ல அனுபவசாலி, ஆனால் எல்லாம் பிஸ்டன் எஞ்சின் அனுபவம். தன்னிடம் இருந்த சாதாரண கொம்ப்ரஷன் மீற்றரைப் போட்டுப் பார்த்தார். முன் ரோட்டர் 100 பி.எஸ்.ஐ., பின் ரோட்டர் 90. "பத்துத்தான் வித்தியாசம். பழைய காருக்கு இது காணும்" என்றார். சொந்தக்காரர் சிரித்தார், தம்பியும் சிரித்தார். போனில் மாமாவும் சிரித்தார். எல்லோரும் விலை பேச உட்காரும் நேரம்.

இங்கேதான் வகுப்பறைப் புத்தி குறுக்கே வந்தது. அந்த மீற்றரில் ஒரு வால்வு இருக்கிறது. வந்த அழுத்தங்களில் ஆகக் கூடியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்டனுக்கு அது சரி, ஒரு சிலிண்டரில் ஒரு அறைதான். ரோட்டரில் மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒரே ப்ளக் ஓட்டையைக் கடந்து போகின்றன. மீற்றர் சொல்வது மூன்றில் நல்ல அறையின் மார்க் மட்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளையின் ரிப்போர்ட்டை மட்டும் காட்டிவிட்டு, "எங்கட பிள்ளைகள் எல்லாம் நல்லாப் படிக்கும்" என்று சொல்கிற மாதிரி.

ரோட்டரிக்கென்று தனி மெஷின் இருக்கிறது. மூன்று அறைகளின் அழுத்தத்தையும் தனித்தனியாகக் காட்டும், எத்தனை சுற்றில் எடுத்தது என்றும் காட்டும். கொழும்பில் இந்தக் கார்களை மட்டும் செய்கிற ஒருவரிடம் அது இருப்பதாகத் தம்பி முன்பே விசாரித்து வைத்திருந்தார். "அங்க ஒருக்காக் கொண்டு போவமா?" என்று கேட்டோம்.

சொந்தக்காரரின் முகம் மாறியது. "பாஸ் பார்த்தாரு தானே. என்னில நம்பிக்கையில்லையா, சேர்?"

அடுத்த ஐந்து நிமிடத்தில் மாமாவின் கோல். "என்ட இருவது வருஷக் கூட்டாளிய நீங்க போய் இன்டெரோகேட் பண்றீங்களா? ஆள அவமானப்படுத்தாம எடுக்கிறண்டா எடுங்க, இல்லாட்டி வாங்க."

உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே பிரிவு. தம்பி என்னை ஓரமாக அழைத்து என்று எழுதினால் பதிவின் தொடக்கத்தில் சொன்ன 'நாங்கள்' உடைந்துவிடும். ஆனால் அந்த நேரம் அது உடைந்துதான் இருந்தது. தம்பி சொன்னார்: "நானா, எனக்குக் கார் பிடிச்சிருக்கு. மாமாவோட பிரச்சின வேணாம். எடுப்பம்." அவருடைய காசு, அவருடைய ஏழு வருடம். நானா ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கட்டார்ல நீ ஒரு ஏ.சி.ய, ஆள் நல்லவர் எண்டதுக்காக கேஸ் பிரஷர் பார்க்காம ஓகே எண்டு எழுதிக் குடுப்பியா?" தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே போய்ச் சொந்தக்காரரிடம் கதைத்தார். "உங்களில நம்பிக்கை இருக்கு காக்கா. எஞ்சின்லதான் இல்ல. டெஸ்ட் காசு நான் தாறன். நல்லா இருந்தா நீங்க கேட்ட விலைக்கே, ஒரு சதம் குறைக்காம எடுக்கிறன்."

அந்தக் கடைசி வசனம் வேலை செய்தது. மறுநாள் போவதாக முடிவானது.

அந்தக் கராஜில் நாங்கள் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம், யாருக்காவது உதவும்.

முதலில் ஸ்கேனர் போட்டு எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓடவிட்டார். டாஷ்போர்டில் உள்ள வெப்ப ஊசியை இந்தக் காரில் நம்பக்கூடாதாம். அது நடுவில் போய் நின்றால் அப்படியே நிற்கும், ஆபத்தான சூட்டுக்கு வந்த பிறகுதான் அசையும். இடது முன் சில்லைக் கழற்றினால் ப்ளக் நான்கும் கைக்கு எட்டும். ரோட்டருக்கு இரண்டு. பெற்றோலும் நெருப்பும் வராமல் துண்டித்தார். பற்றரி பலவீனம் என்ற பேச்சே வரக்கூடாது என்று வெளியிலிருந்து இன்னொரு பற்றரியை இணைத்தார். எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு திறப்பைத் திருப்பவேண்டும். அதைச் செய்ய நாங்கள் போகவில்லை, சொந்தக்காரரையே உட்காரச் சொன்னார் பாஸ். நல்ல யோசனை. தன் காரைத் தானே சோதிக்கிறார், யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை.

மஸ்டா கணக்கு இது: நிமிடத்துக்கு 250 சுற்றில், புது எஞ்சினுக்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 8.5 கிலோ. ஆகக் குறைந்தது 6.9. அதற்குக் கீழே போனால் எஞ்சின் செய்யவேண்டிய கட்டம். 250 என்ற அளவு முக்கியம். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றினால் மார்க் கூடும். தேய்ந்த எஞ்சினை மறைக்க வேகமான ஸ்டார்ட்டர் போட்டு விற்கிறவர்களும் உண்டாம். அதனால் வந்த அளவை 250க்குச் சரிக்கட்டித்தான் பார்க்கவேண்டும். நுவரெலியாவில் வைத்து எடுத்தால் உயரத்துக்கும் கணக்கு உண்டு. கொழும்பு கடல் மட்டம், அந்தப் பிரச்சினை இல்லை.

முன் ரோட்டர்: 7.1, 7.0, 6.9.

பாஸ் தலையை ஆட்டினார். எல்லையில் நிற்கிறது, ஆனால் மூன்றும் ஒரே அளவு.

பின் ரோட்டர்: 6.3, 5.3, 5.4.

யாரும் ஒன்றும் பேசவில்லை. திரும்பவும் எடுக்கச் சொன்னார் சொந்தக்காரர். திரும்பவும் எடுத்தார். அதே எண்கள்தான், தசமத்தில் ஒன்று மாறியது. முந்தின நாள் சாதாரண மீற்றர் காட்டிய 90 பி.எஸ்.ஐ. எது என்று அப்போது விளங்கியது. அது அந்த 6.3. வீட்டில் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பாஸ் எங்களுக்குக் காதால் கேட்கவும் காட்டினார். ப்ளக் ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டுத் திறப்பைத் திருப்பினால் காற்று வெளியே அடிக்கும். 250 சுற்றில் செக்கனுக்கு நான்கு அடி. முன் ரோட்டரில் பஃப், பஃப், பஃப் என்று ஒரே சீராக வந்தது. பின் ரோட்டரில் ஒன்று பலமாக, இரண்டு மெலிவாக. மீற்றர் எதுவுமில்லாமலே கேட்டது. மெஷின் கிடைக்காத ஊர்களில் இதையாவது செய்து பாருங்கள் என்றார். சாதாரண மீற்றரின் வால்வைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் ஊசி மூன்று மூன்றாகத் துள்ளும், சமமாகத் துள்ளுகிறதா என்று பார்க்கலாம். எண் சரியாக வராது, ஆனால் நொண்டுவது தெரியும்.

இரண்டு அறைகள் சேர்ந்து குறைந்திருப்பதற்குக் காரணம் சொன்னார். ஒரு எபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவர். அது பழுதானால் இரண்டு பக்க வீடும் ஒழுகும். ஒற்றைச் சீல்தான், ஆனால் அதை மாற்ற எஞ்சினை இறக்கவேண்டும், பிரிக்கவேண்டும், உள்ளே சுவரில் கீறல் விழுந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற பழைய எஞ்சின் ஒன்றைத் தூக்கிப் போட்டால் என்ன என்று தம்பி கேட்டார். "அதுட கொம்ப்ரஷன் யாருக்குத் தெரியும்?" என்றார் பாஸ். செலவுக்கு ஒரு கணக்கும் சொன்னார். காரின் விலையில் மூன்றிலொன்றைத் தாண்டியது.

சொந்தக்காரர் எங்களை ஏமாற்றப் பார்த்தாரா என்றால், இல்லை. அதை உறுதியாகச் சொல்கிறோம். பாஸ் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் மறைக்காமல் சொன்னார். 2021இல் வாங்கியவர். 2022இல் பெற்றோல் வரிசைக் காலம், பிறகு கியூ.ஆர். காலம். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த நேரம். லீற்றருக்கு ஏழு, எட்டுக் கிலோமீற்றர் ஓடுகிற காரை யார் எடுப்பார்கள்? மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, கழுவுவதற்காகக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்து, உடனே ஓஃப். நல்லது செய்வதாக நினைத்துச் செய்தது. இந்த எஞ்சினுக்கு ஆகாத வேலை அதுதான். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தினால் எரியாத பெற்றோல் உள்ளே தங்கி, சீலை நனைத்திருக்கிற ஒயிலைக் கழுவிவிடும். அடுத்த தடவை காய்ந்த சுவரில் காய்ந்த சீல் உரசும். ஸ்டார்ட் செய்தால் முழுச் சூட்டுக்கு வரும்வரை விடவேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. இக்னிஷன் கொயில் நான்கும் எப்போது மாற்றியது என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் உள்ள கெட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் போய் அதை அடைத்து, சூட்டைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பும். ஒயில் டிப்ஸ்டிக்கை "சர்விஸ்ல பார்ப்பாங்க தானே" என்று விட்டிருக்கிறார்.

அவரும் 2021இல் ஒரு "நம்மட ஆளிடம்" கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறார்.

திரும்பி வரும்போது தம்பி காரில் பின் சீற்றில் இருந்தார். ஓட்டக் கேட்கவில்லை. சொந்தக்காரர் விலையைக் குறைத்தார், நல்ல அளவு குறைத்தார். தம்பி போனில் கணக்குப் போட்டார். குறைத்த விலையும் எஞ்சின் செலவும் சேர்ந்தால் கிட்டத்தட்டப் பழைய விலைதான். ஆனால் லீவு முடிய மூன்று கிழமை. எஞ்சினை இறக்கிப் பிரித்து, ஜப்பானிலிருந்து சாமான் எடுப்பித்துப் பூட்டும்போது மேற்பார்க்க ஆள் இருக்காது. வேண்டாம் என்றார். அந்த "வேண்டாம்" என்ற வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஊருக்கு வந்தோம். மாமா இரண்டு கிழமை கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் உம்மாவுடன் மட்டும் கதைத்துவிட்டுப் போனார்.

இதைவிடச் சங்கடமான காரியம் பிறகுதான். கார் திரும்பவும் விளம்பரத்தில் வந்தது. அதே படம், அதே வாசகம்: எஞ்சின் ஏ வன். எங்களோடு படிப்பிக்கிற ஒருவரின் மருமகன் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க போய்ப் பார்த்த கார் தானே சேர், எப்படி?" என்று கேட்டார். டெஸ்ட் எண்கள் எங்கள் போனில் இருக்கின்றன. ஆனால் அது அவருடைய கார், அவர் எங்களை நம்பித் திறந்து காட்டியது. சொன்னால் மாமா குடும்பத்தோடு என்றைக்கும் பகை. சொல்லாவிட்டால் ஒரு பெடியனின் சேமிப்பு. "மூன்று அறைக்கும் தனித்தனியாக் கொம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காம எடுக்க வேணாம்" என்று மட்டும் சொன்னோம். பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அது முழு உண்மையாகவும் படவில்லை. மறுநாள் பாடம் நடத்தும்போதும் மனம் அதிலேயே நின்றது.

கடைசியில் தம்பிதான் சொந்தக்காரருக்குக் கோல் எடுத்தார். "காக்கா, எங்களிட்ட ஆக்கள் கேக்குறாங்க. கேட்டா நாங்க எண்ணச் சொல்லத்தான் வேணும். நீங்களே சொல்லிட்டா எல்லாருக்கும் லேசு." அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு சலாம் சொல்லி வைத்துவிட்டார். முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

பதினொரு நாள் கழித்து, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு அவரே எடுத்தார். "சேர், அந்த டெஸ்ட் எண்ணுகளப் படமெடுத்தீங்க தானே, எனக்கு அனுப்புங்க. குறையச் சொல்லித்தானே விக்கணும். எனக்கு வித்தவர் சொல்லல்ல, அதுக்காக நானும் சொல்லாம விட ஏலா." அனுப்பினோம். விளம்பரத்தில் 'ஏ வன்' போய், ஆறு எண்களும் வந்தன. விலையும் இறங்கியது. ஒரு மாதத்துக்குள் கம்பஹாப் பக்கம் ஒரு இளைஞர், தானே எஞ்சின் பிரிக்கிறவர், எல்லாம் தெரிந்துகொண்டு வாங்கிப் போனார். பிரித்தபோது எடுத்த படத்தைச் சொந்தக்காரருக்கு அனுப்ப, அவர் எங்களுக்கு அனுப்பினார். பின் ரோட்டரில் ஒரு மூலைச் சீல் ஓரத்தில் உடைந்திருந்தது. விரல் நகத்தளவு துண்டு.

மாமா இப்போது கதைக்கிறார். போன கிழமை ஒரு கலியாண வீட்டில், வேன் வாங்கப் போகிற யாரோ ஒருவரிடம் எங்களைக் காட்டி, "போறண்டா இவனுகளயும் கூட்டிட்டுப் போங்க, ஆனா கார்க்காரன் அழுவான்" என்றார். அது பாராட்டா என்று கேட்கவில்லை.

தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். மேல்மாடிக்குக் கம்பி கட்டத் தொடங்கியாயிற்று, பாதிக் காசுக்கு. மீதிப் பாதியை உம்மா கேட்கவில்லை, தம்பியும் கொடுக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை எங்காவது ஒரு ஆர்.எக்ஸ்-8 விளம்பரத்தின் லிங்க் வருகிறது. குளிரில் ஸ்டார்ட் ஆகிற வீடியோவோடு.

"சூட்டில ஸ்டார்ட் பண்ணின வீடியோ கேளு" என்று பதில் போடுகிறோம்.